தோற்றுத் திரும்பும் வேனில் என்ன பேசுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியர், இரண்டு வருடமாக 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஹாக்கி அணி ஒன்றை உருவாக்கி வருகிறார். வெளியூரில் நடந்த அழைப்புப் போட்டிக்கு அழைத்துப் போனார். 0-6, 1-2, 0-1 என்று மூன்று ஆட்டமும் தோல்வி. ஊர் திரும்பியதும் இரண்டு பேர் இனி வரமாட்டோம் என்கிறார்கள். கோல்கீப்பர் பிள்ளை யாரோடும் பேசுவதில்லை. ஆசிரியர் அறையில் "இதுக்குத்தானா நாலு நாள் பாடத்தை விட்டுட்டுப் போனீங்க" என்று கிண்டல் வேறு. மூன்று வாரத்தில் மாவட்டப் போட்டி. என்ன பேசினால் பிள்ளைகளுக்குத் தெம்பு வரும் என்று கேட்டிருக்கிறார்.

சார், கோவில்பட்டிப் பக்கம் 26 வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 'என்ன பேசினால்' என்ற இடத்தில்தான் எனக்குத் தகராறு. பேசி வரவழைத்த தெம்பு அடுத்த ஆட்டத்தில் முதல் கோல் விழும்வரைதான் நிற்கும். தோற்ற பிள்ளைக்கு நாளைக் காலையில் போய்ச் செய்ய ஒரு வேலை வேண்டும். அது அவளால் முடிகிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், செய்து முடித்தால் முடித்துவிட்டோம் என்று அவளுக்கே தெரியவும் வேண்டும். அந்த வேலையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் பயிற்சியாளர் வேலை. அதைச் செய்தால் பேச்சு கொஞ்சம் போதும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் ஹாக்கி அணி. கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதன் நடுப்பகுதியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. 2016 ரியோவில் 36 வருடம் கழித்து ஒலிம்பிக் போன அணி, ஒரே ஒரு டிரா, நான்கு தோல்வி, பன்னிரண்டில் பன்னிரண்டாவது இடம் என்று திரும்பியது. அடுத்த ஒலிம்பிக் கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போனது. நெதர்லாந்துக்காரரான ஷோர்ட் மரைன் பயிற்சியாளர், ராணி ராம்பால் கேப்டன். ஜூலை 24 அன்று நெதர்லாந்திடம் 1-5, 26 அன்று ஜெர்மனியிடம் 0-2, 28 அன்று பிரிட்டனிடம் 1-4. மூன்றும் தோல்வி. அடுத்த ஆட்டம் 30ஆம் தேதி அயர்லாந்தோடு. நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது சார்!

ஸ்கோரை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி தோல்வி போலத் தெரியும். ஆனால் நெதர்லாந்து ஆட்டத்தில் பாதி நேரத்தில் ஸ்கோர் 1-1. உலகத்தின் முதல் நிலை அணியை அரை மணி நேரம் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பின்பாதியில்தான் நாலு கோல் விழுந்தது. ஜெர்மனியோடு 0-2 என்றாலும், நடுவில் கிடைத்த பெனால்டி ஸ்டிரோக்கை, அதாவது கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் வாய்ப்பை, தவறவிட்டோம். அது உள்ளே போயிருந்தால் ஆட்டமே வேறு. உண்மையிலேயே மோசமாக ஆடியது மூன்றாவது ஆட்டம்தான். பிரிட்டன் இரண்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. அன்றைக்கு மரைன் பத்திரிகைக்காரர்களிடம் தன் அதிருப்தியை மறைக்கவே இல்லை. முந்தைய இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துத் திட்டவும் இல்லை, அவற்றில் இதைவிட நன்றாக ஆடினோம் என்று பிரித்துத்தான் பேசினார்.

அந்தப் பிரித்துப் பேசுதல் ரொம்ப முக்கியம். தோற்ற அணிக்கு எல்லாத் தோல்வியும் ஒன்றாகக் கலந்து, 'நம்மால் ஆகாது' என்ற ஒரே உருண்டையாகத் தொண்டையில் நிற்கும். முதலில் அதை உடைக்க வேண்டும். உங்கள் மூன்று ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 0-6 எங்கே நடந்தது? அழைப்புப் போட்டி என்றால் பெரும்பாலும் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானமாகத்தான் இருந்திருக்கும். உங்கள் பிள்ளைகள் வருடம் முழுக்க ஆடுவது செம்மண்ணில். செம்மண்ணில் பந்து குதிக்கும், வேகம் குறையும். ஸ்டிக்கைக் கொஞ்சம் தூக்கிவைத்தே பழகியிருப்பார்கள். தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், ஸ்டிக்கைத் தரையோடு வைக்காவிட்டால் அடியில் போய்விடும். நின்று பந்தை வாங்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு பாஸும் அரை விநாடி முன்னாலேயே வந்துசேரும். முதல் ஆட்டம் 0-6 என்பதில் பாதி தரையோடு ஆடிய ஆட்டம். 1-2, 0-1 ஆகிய இரண்டும் வேறு சங்கதி. 0-6க்கு அடுத்து 1-2 வந்திருக்கிறதென்றால் உங்கள் பிள்ளைகள் போட்டி நடக்கும்போதே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதை யாராவது அவர்களிடம் சொன்னார்களா? சந்தேகம்தான்.

சரி, எங்கே, எப்போது சொல்வது? வேனில் மட்டும் வேண்டாம்.

இதில் நான் பட்டது உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில், வெளியூர்ப் போட்டி ஒன்றில் அரையிறுதி. கடைசி நிமிடத்தில் எங்கள் லெஃப்ட் ஹாஃப் பையன் பந்தை ஸ்டாப் பண்ணத் தவறி, அதிலிருந்து கோல் விழுந்து தோற்றோம். வேனில் ஏறியதும் எனக்கு வாய் நிற்கவில்லை. எல்லார் முன்னாலும், "ஏலே, உன்னாலதாம்ல போச்சு" என்று ஆரம்பித்து, விளாத்திகுளம் வரும்வரை நிறுத்தவில்லை. யாரும் பதில் பேசவில்லை, நான் அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் ஸ்போர்ட்ஸ் ரூமில் அவன் ஸ்டிக் மட்டும் இருந்தது. துணியால் துடைத்து, கைப்பிடி டேப்பைப் புதிதாகச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். அதற்கப்புறம் அவன் கிரவுண்டுக்கு வரவே இல்லை. நான் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. உண்மையில் அந்தக் கோலுக்குக் காரணம், நான் கடைசிப் பத்து நிமிடம் அவனை மாற்றாமல் ஓடவிட்டது. அவனுக்குக் காலில் சத்தே இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததனால்தான் அவ்வளவு கத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அதனால் தோற்ற நாளின் முதல் விதி, பயிற்சியாளர் தன் கோபத்தைக் கொஞ்சம் ஆறவைப்பது. அன்றைக்குப் பேச வேண்டியதெல்லாம் உடம்பைப் பற்றியதுதான். தண்ணீர் குடித்தார்களா, மெதுவாக ஒரு சுற்று ஓடித் தசையைத் தளர்த்தினார்களா, சாப்பிட்டார்களா, முட்டியில் தோல் உரிந்த பிள்ளைக்கு மருந்து போட்டாயிற்றா, ஷின்கார்டும் மவுத்கார்டும் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா. இப்படிச் சாதாரணமான விஷயங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாலே பிள்ளைகளுக்கு ஒன்று புரிந்துவிடும்: தோற்றாலும் சார் நம்மை விட்டுவிடவில்லை. அழுகிறவளை அழவிடுங்கள். 'அழாதே' என்று சொல்வதால் யாரும் அழுகையை நிறுத்தியதில்லை. யாராவது சிரித்துப் பேசினால் அதற்கும் கோபப்படாதீர்கள். சில பிள்ளைகளுக்குத் துக்கம் வந்தால் வாய் ஓயாது.

கைபேசி விஷயம் கொஞ்சம் கவனம். தோற்ற அன்று வெளியிலிருந்து வரும் சொல் விஷம் போல ஏறும். டோக்கியோவில் அரையிறுதியில் தோற்ற அன்று நம் வீராங்கனை ஒருவரின் வீட்டு வாசலில் போய்ப் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அப்போது இரண்டு நாள்தான் இருந்தது. உங்கள் ஊரில் அந்த அளவுக்குப் போகாது என்று நம்புவோம். ஆனால் 0-6 என்ற படம் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றியிருக்கும். பெற்றோரிடம் ஒரு வரி நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: 'பிள்ளை தோற்றுவிட்டு வருகிறாள், சாப்பாடு போட்டுத் தூங்கவிடுங்கள், ஸ்கோர் கேட்க வேண்டாம்.' ஆசிரியர் அறைக் கிண்டலை நீங்கள் சிரித்தபடி உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது பிள்ளைகள் காதுக்குப் போகக் கூடாது.

மறுபடி டோக்கியோவுக்கு வருவோம். அந்த ஒரு நாளில், ஜூலை 29இல், மரைன் என்ன செய்தார்? புது உத்தி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாளில் கண்டுபிடிக்கவும் முடியாது. பிள்ளைகளுக்கு ஒரு திரைப்படம் போட்டுக் காட்டினார். இந்தக் கணத்தில் இருப்பது பற்றிய படம் என்று மட்டும் பிற்பாடு சொன்னார். படத்தின் பெயரை அப்போது சொல்லவில்லை. அயர்லாந்து ஆட்டத்தின்போது அந்தப் படத்தைத்தான் ஒருவருக்கொருவர் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தோம் என்றார். படத்தில் மாயமந்திரம் ஒன்றுமில்லை சார். மூன்று தோல்வியைச் சுமந்துகொண்டு, கால் இறுதிக்குப் போவோமா மாட்டோமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பதினாறு பேருக்கு, 'இந்தப் பந்தைப் பார், அடுத்ததை அப்புறம் பார்க்கலாம்' என்ற ஒரே வேலையை அவர் கொடுத்தார். அதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பொது அடையாளம் வேண்டியிருந்தது, படம் அதற்கு உதவியது. நானாக இருந்தால் ஒரு சொல்லைப் பிடித்திருப்பேன். எங்கள் பிள்ளைகளுக்கு "இந்தப் பந்து" என்ற இரண்டே சொல்தான். டேக்கிளில் ஏமாந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்து வெளியிலிருந்து யாராவது "இந்தப் பந்து!" என்று கத்தினால் அவள் திரும்பி ஓடுவாள்.

அயர்லாந்து ஆட்டம் எப்படி நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பெனால்டி கார்னர் (எதிரணியின் தப்புக்காக, கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு) மேல் பெனால்டி கார்னர், பத்துக்கும் மேல் கிடைத்து ஒன்றும் உள்ளே போகவில்லை. மூன்று தோல்வியோடு வந்த அணி சாதாரணமாக அங்கேயே உடைந்திருக்கும். 57ஆவது நிமிடத்தில் நவ்நீத் கௌர் ஒரு கோல் போட்டார், 1-0. மறுநாளே தென்னாப்பிரிக்கா. மூன்று முறை முந்தினார்கள், மூன்று முறையும் எதிரணி சமன் செய்தது, நான்காவது கோலில் 4-3 என்று ஆட்டம் முடிந்தது. வந்தனா கட்டாரியா மூன்று கோல். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்புறமும் அயர்லாந்து பிரிட்டனை வெல்லக் கூடாது என்று காத்திருந்து, அயர்லாந்து தோற்றுத்தான் கால் இறுதி. அங்கே லீக் சுற்றில் ஐந்துக்கு ஐந்தும் ஜெயித்து வந்த ஆஸ்திரேலியா. 22ஆவது நிமிடத்தில் குர்ஜித் கௌர் பெனால்டி கார்னரில் ஒரு கோல் போட்டார். மீதி நேரமெல்லாம் கோல்கீப்பர் சவிதாவும் தடுப்பாளர்களும் காத்துநின்றார்கள். 1-0. ஜெர்மனியோடு ஸ்டிரோக்கைத் தவறவிட்டதும் இதே குர்ஜித்தான். ஏழு நாள் முன்னால் தவறவிட்டவரை ஓரமாக உட்காரவைத்திருந்தால் இந்தக் கோல் இல்லை.

இதனால்தான் தோற்றதும் ஆளை மாற்றாதீர்கள் என்கிறேன். 0-6க்குப் பிறகு கோல்கீப்பரை மாற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதிலிருந்து அணி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: தப்புச் செய்தால் போய்விடுவோம். அப்புறம் யாரும் 'டி'யில், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்தில், பந்தை அடிக்கத் துணிய மாட்டார்கள், பாஸ் கொடுத்துப் பொறுப்பைக் கழித்துக்கொள்வார்கள். தண்டனைக்காகப் பத்துச் சுற்று ஓடவிடுவதும் அப்படித்தான். ஓட்டம் பயிற்சியாக இருக்கும்வரை பிள்ளைகள் ஓடுவார்கள். அதைத் தண்டனையாக்கிவிட்டால் சாதாரண நாளிலும் ஓட்டம் என்றாலே முகம் சுருங்கும்.

நடுவர் மேல் பழி போடும் பழக்கத்தை நீங்கள் ஆரம்பித்து வைக்காதீர்கள். நடுவர் தப்பே செய்திருந்தாலும், அதை நாளைக் காலை பயிற்சியில் சரிசெய்ய வழியில்லை.

இனி உங்கள் மூன்று வாரம். இரண்டு நாள் கிரவுண்டைப் பூட்டிவிடுங்கள். உடம்பும் ஆறவேண்டும், நீங்களும் ஆறவேண்டும். மூன்றாம் நாள் மரத்தடியில் வட்டமாக உட்காரவையுங்கள். நீங்கள் நிற்காமல் நீங்களும் உட்காருங்கள். முதலில் உங்கள் தப்பை நீங்கள் சொல்லுங்கள். 'டர்ஃபில் ஒரு நாள் கூடப் பயிற்சி இல்லாமல் அழைத்துப் போனது என் தப்பு' என்பது மாதிரி, உண்மையான ஒன்று. பிள்ளைகள் போலியை உடனே கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பிறகு மூன்று ஆட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுங்கள். 0-6 பற்றி ஐந்து நிமிடம் போதும். 1-2 பற்றி அரை மணி நேரம்.

யாராவது பெற்றோர் கைபேசியில் ஆட்டத்தை எடுத்திருப்பார்கள். கை நடுங்கிப் படம் ஆடுகிற வீடியோவாக இருந்தாலும் பரவாயில்லை. முழுவதும் போட்டுக் காட்டாதீர்கள். தோற்ற ஆட்டத்தை முழுவதும் பார்ப்பது இரண்டாம் தடவை தோற்பதுதான். நீங்கள் தனியாக உட்கார்ந்து, பேப்பர் பென்சிலோடு எண்ணுங்கள். எதிரணியின் டிக்குள் நாம் எத்தனை முறை நுழைந்தோம்? நுழைந்தபின் எத்தனை முறை ஷாட் அடித்தோம்? எத்தனை பெனால்டி கார்னர் வாங்கினோம், அதில் எத்தனையில் பந்து சரியாக ஸ்டாப் ஆனது? நம் பாதியில் பந்தை எத்தனை முறை நாமே கொடுத்துவிட்டு வந்தோம்? எந்தப் பெரிய அணியும் இதைத்தான் எண்ணுகிறது, அவர்களுக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது, அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தால் நீங்கள் நினைத்ததற்கு மாறாக ஏதாவது ஒன்று கட்டாயம் கிடைக்கும். பள்ளி அணிகளில் நான் அடிக்கடி கண்டது, டிக்குள் நுழைவதில் குறையிருக்காது. நுழைந்தபின் ஒருத்தி கூட அடிக்க மாட்டாள். அல்லது பெனால்டி கார்னரில் அடிக்கிற பிள்ளை நன்றாகத்தான் அடிப்பாள், தள்ளிவிடுகிற பந்தும் நிறுத்துகிற ஸ்டிக்கும் சேராது. பந்தைத் தள்ளி, நிறுத்தி, அடிப்பது என்ற மூன்றில் முதல் இரண்டு சரியாக இல்லையென்றால் மூன்றாவதற்கு வேலையே இல்லை.

அப்படிக் கிடைக்கிற ஒன்றை, ஒன்றே ஒன்றை, அடுத்த மூன்று வாரத்துக்கு அணியின் வேலையாக வையுங்கள். உதாரணமாகப் பெனால்டி கார்னர் என்றால், தினமும் முப்பது தள்ளு, முப்பது ஸ்டாப். எத்தனை சுத்தமாக நின்றது என்று பெஞ்சில் இருக்கிற பிள்ளை ஒருத்தி நோட்டில் எழுதட்டும். முதல் நாள் பதினொன்று, ஒரு வாரத்தில் பதினெட்டு, அப்புறம் இருபத்திரண்டு என்று ஏறும்போது, நான் மேலே சொன்ன தெம்பு அந்த நோட்டிலிருந்து வரும். 'நீங்கள் சிங்கங்கள்' என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. நோட்டு எழுதுகிற பிள்ளையை மாற்றிக்கொண்டே இருங்கள். ஆடாதவளுக்கும் அணியில் ஒரு இடம் அது.

இரண்டாவது வாரத்திலிருந்து ஸ்கோர் போட்டு ஆடவிடுங்கள். அரை கிரவுண்டில் ஐந்துக்கு ஐந்து. ஆட்டம் தொடங்கும்போதே ஒரு பக்கம் 0-1, மீதி ஆறு நிமிடம். அடுத்த தடவை அதே பிள்ளைகள் 1-0 முன்னணி, மீதி நாலு நிமிடம், ஒரு ஆள் குறைவு. தோற்ற அணிக்கு இரண்டும் பழக வேண்டும். பின்தங்கினால் பதறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், முந்தும்போது வருகிற பயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2023 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நம் ஆண்கள் அணிக்கு நடந்தது அதுதான். சொந்த மண்ணில் உலகக் கோப்பை, நியூசிலாந்தோடு கால் இறுதிக்கான ஆட்டம். 2-0, 3-1 என்று முந்தி நின்றவர்கள் 3-3க்கு வந்து, சமநிலையை முறிக்க ஒருவர் ஒருவராகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்அவுட்டில் தோற்றார்கள். டோக்கியோவில் வெண்கலம் வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் கிரஹாம் ரீட் அந்த மாதக் கடைசியிலேயே ராஜினாமா செய்தார். இந்த அணிக்கு மனப்பயிற்சிக்கென்று தனியாக ஒருவர் வேண்டும் என்று அவர் அந்தத் தோல்விக்குப் பிறகு சொன்னார்.

அந்த ஆள் அப்புறம் வந்தார், பேடி அப்டன். பயிற்சியாளராக கிரெய்க் ஃபுல்டன் வந்தார். அவருடைய கொள்கையைச் சுருக்கிச் சொன்னால், முதலில் தடு, அதிலிருந்து ஜெயி. தோற்று நொந்த அணிக்கு இது நல்ல மருந்து என்பது என் அபிப்பிராயம். கோல் போடுவது பாதி அதிர்ஷ்டம், தடுப்பது பெரும்பாலும் உழைப்பு. உழைப்பு நம் கையில் இருக்கிறது. அதே வருடம் ஆகஸ்டில் சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். பாதி நேரத்தில் மலேசியா 3-1. அரங்கமே அமைதியாகிவிட்டது. மூன்றாவது கால் பகுதி முடிகிற ஒரே நிமிடத்தில் இரண்டு கோல், கடைசியில் ஆகாஷ்தீப் இன்னொன்று, 4-3. ஏழு மாதம் முன்னால் 3-1 முன்னணியைத் தொலைத்தவர்கள், இப்போது 1-3இலிருந்து மீண்டார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரலில் ஆஸ்திரேலியா போய் ஐந்துக்கு ஐந்தும் தோற்றார்கள், ஒலிம்பிக்குக்கு நாலு மாதம்கூட இல்லை. நம் ஊரில் அப்போது வந்த பேச்சுக்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பாரிஸில் அதே ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றார்கள், ஒலிம்பிக்கில் 1972க்குப் பிறகு முதல் முறை. கால் இறுதியில் 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேராக நின்று பிரிட்டனை 1-1இல் பிடித்து, ஷூட்அவுட்டில் 4-2. நான் மேலே சொன்ன 'ஒரு ஆள் குறைவு' பயிற்சி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3. இரண்டே நாளில் ஸ்பெயினை 2-1 வென்று வெண்கலம்.

அரையிறுதியில் தோற்று, வெண்கலத்துக்கு ஆடுவதுதான் விளையாட்டிலேயே கஷ்டமான ஆட்டம் என்று நினைக்கிறேன். தங்கக் கனவு போய்விட்டது, ஆனால் வேலை முடியவில்லை. டோக்கியோவில் ஆண்கள் அதையும் செய்தார்கள். ஆஸ்திரேலியாவிடம் 1-7 வாங்கிய இரண்டாவது நாள் ஸ்பெயினை 3-0 வென்றார்கள். அரையிறுதியில் பெல்ஜியத்திடம் 2-5 வாங்கிய பிறகு, வெண்கல ஆட்டத்தில் ஜெர்மனியோடு 1-3 என்று பின்தங்கியிருந்து 5-4 வென்றார்கள். 1980இல் நம் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு 41 வருடம் கழித்து வந்த பதக்கம்.

பெண்களுக்கு அந்தக் கடைசி ஆட்டத்தில் வெற்றி கிடைக்கவில்லை. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2. வெண்கல ஆட்டத்தில், லீக் சுற்றில் 1-4 என்று துவைத்த அதே பிரிட்டனோடு 0-2 பின்தங்கி, பாதி நேரத்துக்குள் 3-2 என்று முந்தி, கடைசியில் 3-4. நான் அந்த ஆட்டத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், மூன்றாம் முறை பார்க்க மனம் வரவில்லை. ஒன்பது நாளில் அதே எதிரியோடு 1-4 என்பது 3-4 ஆகியிருக்கிறது. ஜெயிக்கவில்லைதான். ஆனால் பயிற்சியாளர் கண்ணுக்கு இது தெரியாவிட்டால் வேறு யார் கண்ணுக்குத் தெரியும்? உங்கள் மாவட்டப் போட்டியிலும் நீங்கள் ஜெயிக்காமல் போகலாம். மூன்று வாரத்தில் கோப்பை வந்துவிடும் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் பிள்ளைகளுக்கு அந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள். இருபத்திரண்டு சுத்தமான ஸ்டாப் என்று நோட்டில் இருப்பதைச் சொல்லுங்கள்.

இடையில் ஒரு நட்பு ஆட்டம் வையுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. தெம்பு வரட்டும் என்று சின்னப் பள்ளி ஒன்றைக் கூப்பிட்டு 8-0 அடிக்கிறவர்கள் உண்டு. அந்த வெற்றியின் மதிப்பு பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். உங்களுக்குச் சமமான அணி, அல்லது உங்கள் பள்ளியின் பையன்கள் ஜூனியர் அணி. முடிந்தால் ஒரு நாள் டர்ஃபில். கோவில்பட்டிப் பக்கம் வர முடிந்தால் சொல்லுங்கள், காலை நேரம் கேட்டுப் பார்க்கிறேன்.

ஷூட்அவுட்டைப் பயிற்சி முடிவில் வையுங்கள், பிள்ளைகள் களைத்திருக்கும்போது. 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு விநாடி. மற்றவர்கள் சுற்றி நின்று சத்தம் போடட்டும். தவறவிட்டவளை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது, அவள் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வரட்டும்.

வரமாட்டோம் என்கிற இரண்டு பேர் விஷயம். வீட்டுக்கு ஒரு தடவை போங்கள், அங்கே ஹாக்கி பேசாதீர்கள். ஷின்கார்டையும் ஜெர்சியையும் திரும்பக் கேட்காதீர்கள், பட்டியலில் பெயர் இருக்கட்டும். பெரும்பாலும் அவர்களுக்குத் தோல்வி காரணமாக இருக்காது. தோற்ற அன்று அணிக்குள்ளேயே யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள். அது யார், என்ன என்று உங்கள் கேப்டனுக்குத் தெரியும். கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவள் சொல்ல மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், 'நீயே பேசிச் சரிபண்ணு' என்று விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குள் நடந்ததைப் பிள்ளைகள்தான் சரியாகக் கோர்ப்பார்கள்.

அப்புறம் அந்தக் கோல்கீப்பர். ஹாக்கியில் மற்ற பத்துப் பேர் செய்கிற தப்பும் கடைசியில் அவள் கணக்கில்தான் ஏறும். முதல் வாரம் அவளுக்கு நீங்களே பந்து அடியுங்கள், வேறு யாரும் வேண்டாம். முதலில் அவள் தடுக்கக்கூடிய பந்து, மெதுவாகக் காலுக்கு. பேடில் பட்டுத் திரும்பும் சத்தம் அவள் காதில் மறுபடி கேட்கட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த 0-6 ஆட்டத்தின் வீடியோ எங்காவது இருந்தால் வாங்கி, அவள் தடுத்த பந்துகளை மட்டும் எண்ணுங்கள். ஆறு கோல் விழுந்த ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டாவது தடுத்திருப்பாள், யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணிக்கை கிடைத்ததும் முதலில் அவளிடம் சொல்லுங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.